மூன்றாம் நாள் வேலை

உலகத்தில் தரையை உண்டாக்கியவர்கள் இரண்டே பேர். ஒருவர் கடவுள். இன்னொருவன் லூசியானாவின் தென்கோடியில் பாயூ கனார் என்ற சதுப்பு ஊரைச் சேர்ந்த ஒவீட் வெர்டன். கடவுள் அந்த வேலையை மூன்றாம் நாளில் முடித்தார். ஒவீடுக்குச் சில மாதங்கள் பிடித்தன. மற்றபடி வித்தியாசம் ஏதுமில்லை. இதை ஒவீட் பெட்ரோல் பங்கிலும் இறால் கொட்டகையிலும் சொல்லியிருக்கிறான். ஒருமுறை பாவசங்கீர்த்தனத்திலும் சொன்னான். பாவமாக அல்ல, தகவலாக.

ஜனவரியில் ஒரு காலை அவன் இடுப்புவரை ரப்பர் பூட்ஸ் மாட்டிக்கொண்டு குழாயின் வாய்க்குப் பக்கத்தில் நின்றிருந்தான். தூரத்தில், கப்பல்கள் போகும் கால்வாயில், தூர்வாரும் கப்பல் அடிமண்ணைக் குடைந்து உறிஞ்சிக்கொண்டிருந்தது. அந்தச் சேறு மைல்கணக்கில் குழாய்க்குள் ஓடிவந்து இங்கே கறுப்பாகக் கொட்டியது. கூடவே செத்த சிப்பிகளும் மரவேர்களும் எப்போதாவது ஒரு பீர் பாட்டிலும் வந்தன. கடற்காகங்கள் குழாய்வாயைச் சுற்றிச் சண்டை போட்டன. ஒவீட் அவ்வப்போது குழாயின் மேல் உள்ளங்கையை வைத்துப் பார்ப்பான். கடகடவென்று அதிர்ந்தால் மணல். விர்ரென்றால் களி.

சேறு ஓடிவிடாமல் நாலு பக்கமும் மண்கரை போட்டுப் பாத்தி கட்டியிருந்தார்கள். உள்ளே ஆங்காங்கே நட்ட கம்புகளில் சிவப்புக் கோடு இருக்கும். சேறு கோட்டைத் தொட்டதும் குழாயை நகர்த்த வேண்டும். பிறகு தண்ணீர் வடிந்து சேறு இறங்கும். இறங்கியது போக மிஞ்சுவது நிலம். குழாயை நகர்த்துவதும், கோட்டைப் பார்ப்பதும், கரை கசிகிறதா என்று சுற்றி வருவதும் ஒவீடின் வேலை. கடல் தின்ற சதுப்பைத் திரும்பக் கொண்டுவர அரசாங்கம் பணம் கொடுத்தது. தூர்வாரும் கம்பெனி வேலையை எடுத்திருந்தது.

வரைபடத்தில் இந்த இடம் எப்போதுமே நிலம்தான். ஒரு நில கம்பெனிக்குச் சொந்தம். அது தண்ணீராகி வெகுகாலம் ஆகியும் அந்தக் கம்பெனி தன் பலகைகளை எடுக்கவில்லை. ‘தனியார் நிலம். அத்துமீறி நுழையக் கூடாது’ என்ற பலகைகள் தண்ணீருக்கு நடுவே கம்பங்களில் நின்றன. கூழைக்கடாக்கள் அவற்றின் மேல் அத்துமீறி உட்கார்ந்திருந்தன.

அடுத்த பாத்தி போன வருடமே நிரப்பியது. மேல்பக்கம் இறுகி, மனிதர் ஏறலாம் என்ற நிலைக்கு வந்திருந்தது. அங்கே ஒவீடின் மனைவி எர்லினும் ஊர்ப் பெண்கள் சிலரும் புல் நட்டுக்கொண்டிருந்தார்கள். புதையாமல் இருக்க ஆளுக்கொரு ஒட்டுப்பலகை. அதன்மேல் மண்டியிட்டு, கூர்க்கோலால் குத்தி, குழியில் ஒரு நாற்றைச் சொருகி, உள்ளங்கையால் அமுக்கி, பலகையைத் தள்ளி வைத்து, மறுபடி மண்டியிட வேண்டும். எர்லின்தான் நடவுக்கு மேஸ்திரி.

ஒவீட் படகில் அந்தப் பக்கம் போகும்போதெல்லாம் வேகத்தைக் குறைப்பான்.

“என்ன எர்லின், வழுக்கைத் தலைக்கு முடி நடுறீங்களா?”

“ஆமா. உன் தலையில முயற்சி பண்ணோம், வேர் பிடிக்கல. அதான் இங்க வந்துட்டோம்.”

பெண்கள் சிரித்தார்கள். ஒவீட் தொப்பியை இன்னும் கொஞ்சம் கீழே இழுத்துவிட்டான்.

“நான் ஒரு மணி நேரத்துல கொட்டுற மண்ணுக்கு நீங்க வருஷம் பூரா தவழணும். பாக்கவே பாவமா இருக்கு. நானெல்லாம் முட்டி போடுறது சர்ச்சுல மட்டும்தான்.”

“அங்கயும் நீ எங்க முட்டி போட்ட? பெஞ்சு நுனியில குண்டியை வச்சுக்கிட்டு முட்டி போட்ட மாதிரி பாவ்லா காட்டுற.”

“மூணாம் நாள் கடவுள் என்ன பண்ணாரு? தரையை உண்டாக்கினாரு. முடிஞ்சுது கதை.”

“முடியல. அன்னிக்கே புல்லையும் முளைக்க வச்சாரு. நீ மறைக்கல்வி வகுப்புல பாதியிலேயே மீன் பிடிக்க ஓடிருப்ப.” எர்லின் கூர்க்கோலைப் பிடுங்கி அடுத்த குழிக்கு ஓங்கினாள். “புல்லு வேர் விடலைன்னா உன் தரை அடுத்த புயலுக்கு சூப்பு. போ, போய் உன் குழாயைப் பாரு.”

அவன் குழாயைப் பார்க்கப் போனான்.

தெற்குக் கரைக்கு வெளியே எர்லினின் தம்பி நோலனின் சிப்பிப் படுகை இருந்தது. நாலு மூலையிலும் மூங்கில் நட்டு அடையாளம் வைத்திருந்தான். இரண்டு புயல்கள் அடுத்தடுத்து வந்து துடைத்துப் போட்ட படுகை அது. நோலன் மறுபடி வெறும் சிப்பி ஓடு கொட்டி, அதில் சிப்பிக் குஞ்சு பிடிக்கவிட்டு, மூன்று குளிர்காலம் காத்திருந்தான். இந்த வசந்தத்தில்தான் முதல் அறுவடை. அவன் படகில் இப்போதும் வெறும் ஓட்டு மூட்டைகள் இருந்தன. காலி இடத்தில் தூவினால் அதன்மேல் குஞ்சுகள் ஒட்டிக்கொள்ளும்.

மத்தியானம் அவன் படகைக் கரையோரம் கட்டினான். இருவரும் கரைமேல் உட்கார்ந்து, எர்லின் கொடுத்தனுப்பிய கம்போக் குழம்பை ஃபிளாஸ்கிலிருந்து ஊற்றிக்கொண்டார்கள். நோலன் தன் பங்கில் உருளைக்கிழங்கு சாலடைப் போட்டுக் கிளறினான்.

“மச்சான், உன் கரையைப் பாத்தா எனக்கு நம்பிக்கை வரல,” என்றான் நோலன். “உள்ள இருக்கிற சேறு நம்ம தலைக்கு மேல நிக்குது. வெளிய என் புள்ளைங்க தூங்குதுங்க.”

“உன் புள்ளைங்களுக்கு ஒண்ணும் ஆகாது. நான் இருக்கேன்ல.”

“நீ இருக்கறதுதான் எனக்குக் கவலையே.”

“டேய், உன் படுகையில ஒரு கரண்டி சேறு விழுந்துச்சுன்னா என் பேரை மாத்திக்கறேன்டா. போதுமா?”

நோலன் ஃபிளாஸ்க் மூடியை நக்கிவிட்டு வானத்தைப் பார்த்தான். வடக்கே அடிவானத்தில் நீலக் கறுப்பாக ஒரு கோடு விழுந்திருந்தது.

மறுநாள் வடகாற்று வந்துவிட்டது. குளிர்காலத்தில் அது வழக்கம்தான். விடாமல் அடித்து விரிகுடாத் தண்ணீரையெல்லாம் கடலுக்குத் தள்ளிவிடும். நோலனின் படகு ஏறக்குறைய தரைதட்டி நின்றது. படுகையின் மேடான இடங்களில் சிப்பிகள் வெளியே தெரிந்தன. கரைக்கு வெளியே முட்டுக்கொடுத்திருந்த தண்ணீர் போய்விட்டது. உள்ளே சேறு அதே உயரத்தில் நின்றது. குழாய் இன்னும் கொட்டிக்கொண்டிருந்தது.

தெற்குக் கரையின் காலடியில் மணிக்கட்டுப் பருமனில் தண்ணீர் பீச்சுவதை ஒவீட் பார்த்தான். வாக்கி-டாக்கியை எடுத்தான். மறுமுனையில் கர்ட். தூர்வாரும் கம்பெனியின் மேஸ்திரி, வடக்கே பனி ஊர்க்காரன், கப்பலோடு ஊர் ஊராகப் போகிறவன்.

“கர்ட், தெக்குக் கரை கசியுது. பம்பை நிறுத்து.”

“நிறுத்த முடியாது. குழாய் பூரா மணல் ஓடுது. இப்ப நிறுத்தினா உள்ளேயே இறுகிப்போயிடும். அதைப் பிரிச்சுத் தட்டி எடுக்க ஒரு வாரம் ஆகும். யார் பதில் சொல்றது?”

“அப்ப பொக்லைனை அனுப்பு.”

“அது வடக்கு மூலையில இருக்கு. வந்து சேர நேரமாகும். அதுவரைக்கும் ஏதாவது பண்ணு.”

பாயூ கனாரில் எந்தப் பள்ளத்துக்கும் ஒரே மருந்துதான். ரோட்டில் குழி விழுந்தால் சிப்பி ஓடு. வாசலில் தண்ணீர் தேங்கினால் சிப்பி ஓடு. படகுத்துறை சரிந்தாலும், கல்லறை அமிழ்ந்தாலும் சிப்பி ஓடு. ஒவீட் கரைமேல் ஏறி நின்று கையை ஆட்டினான்.

“நோலா! ஓட்டைக் கொண்டா!”

“அது குஞ்சு பிடிக்க வச்சிருக்கிற ஓடு, மச்சான்!”

“குஞ்சு பிடிக்க இடமே இருக்காதுடா! கொண்டா!”

நோலன் முழங்கால் தண்ணீரில் குதித்து மூட்டைகளை இழுத்து வந்தான். வாய்களைக் கிழித்துக் கொட்டினார்கள். பூட்ஸால் மிதித்து உள்ளே திணித்தார்கள். ஓட்டு விளிம்புகள் கையைக் கிழித்தன. மூட்டைகள் தீர்ந்தபோது பீச்சல் அடங்கிவிட்டிருந்தது. ஓடுகளுக்கு இடையிலிருந்து தெளிந்த நீர் மட்டும் மெதுவாக வழிந்தது. ஒவீட் அதைக் கையில் ஏந்தி முகம் கழுவிக்கொண்டான். பிறகு வாக்கி-டாக்கியை எடுத்தான். அந்த அலைவரிசையில் கப்பல்காரர்களும் பொக்லைன்காரனும் நடவுப் படகும் எல்லோரும் இருந்தார்கள்.

“அடைச்சாச்சு,” என்றான் ஒவீட்.

“நிச்சயமா?”

“அடைச்சது யாருன்னு நெனச்ச?”

“அப்ப பொக்லைன் வேண்டாம்ல? இங்க வேலை பாதியில கெடக்கு.”

“வேண்டாம். இங்க நான் போதும்.”

நோலன் ஓட்டுக் குவியலையே பார்த்துக்கொண்டிருந்தான்.

“மச்சான், தண்ணி கலங்குது.”

தெளிந்து வழிந்த நீர் தேநீர் நிறத்துக்கு வந்திருந்தது. ஓடு தண்ணீரைத் தடுக்கவில்லை. சல்லடைபோல வெளியே விட்டுக்கொண்டிருந்தது. தண்ணீர் போகிற வழியில் கரையின் மண்ணையும் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டிப்போனது. ஒவீட் மறுபடி வாக்கி-டாக்கிப் பொத்தானை அமுக்கினான். வாயைத் திறப்பதற்குள் அவன் நின்றிருந்த இடத்திலிருந்து சற்றுத் தள்ளி கரை சத்தமில்லாமல் உட்கார்ந்தது. பிறகு சத்தத்தோடு போனது.

சேறு அவசரப்படவில்லை. கூழ் ஊற்றினாற்போல் அகலமாகப் பரவி, முதல் மூங்கிலைச் சாய்த்து, இரண்டாவதைச் சாய்க்காமல் சுற்றி நின்று, மற்ற இரண்டையும் வீழ்த்தி, படுகை முழுவதையும் போர்த்தியது. நோலனின் படகு மெல்ல உயர்ந்து ஒரு பக்கம் சாய்ந்து நின்றது. பம்பு நிற்கும்வரை சேறு வந்துகொண்டே இருந்தது.

சேறு ஓரளவு அடங்கிய பின் நோலன் படகிலிருந்த நீண்ட கழியை எடுத்துப் படுகையில் குத்தினான். இன்னொரு இடத்தில் குத்தினான். வெளியே இழுத்துப் பார்த்தான். அவன் இடுப்புயரம்வரை கழியில் சேறு ஒட்டியிருந்தது.

“பேரை மாத்திக்கறேன்னியே,” என்றான். “என்ன பேரு வச்சிருக்க?”

ஒவீட் கைகளைப் பார்த்துக்கொண்டிருந்தான். வெட்டுக்களில் சேறு புகுந்திருந்தது.

அந்த வாரமே கம்பெனியின் டிரெய்லர் ஆபீசில் கூட்டம் போட்டார்கள். நகரத்திலிருந்து ஒரு ஆள் வந்திருந்தார். புது பூட்ஸ், கஞ்சி போட்ட சட்டை. வக்கீல் இல்லை என்று முதலிலேயே சொல்லிவிட்டு வக்கீல் மாதிரி பேசினார். எல்லோருக்கும் அவரே காபி ஊற்றிக் கொடுத்தார். மேஜையில் ஒரு சிப்பி ஓடு கழுவித் துடைத்து வைக்கப்பட்டிருந்தது.

“இது யாரோடது?”

“என்னோடது,” என்றான் நோலன்.

“கரையில போட்டது?”

“நாங்க ரெண்டு பேரும்.”

“யாராவது போடச் சொன்னாங்களா?”

ஒவீட் கர்ட்டைப் பார்த்தான். “கசியுதுன்னேன். பம்பை நிறுத்தச் சொன்னேன். ஏதாவது பண்ணுன்னு கர்ட் சொன்னான்.”

கர்ட் சர்க்கரை போடாத காபியைக் கலக்கிக்கொண்டிருந்தான். “காத்து அடிச்சுது. வாக்கி-டாக்கியில ஒரே இரைச்சல். அது எனக்குச் சரியா கேக்கல.”

“பொக்லைன் வேண்டாம்னு இவர் சொன்னது?”

“அது கேட்டுச்சு. எல்லாருக்குமே கேட்டுச்சு.”

பொக்லைன்காரன் ஜன்னல் வழியாக வெளியே பார்த்தான்.

“சிப்பி ஓடு கரை போடுற பொருள் இல்ல,” என்றார் வந்தவர், வருத்தமாக.

“எங்க ஊர்ல ரோடே அதுலதான் போட்டிருக்கு,” என்றான் நோலன்.

“அப்படியா? நல்ல வழக்கம்.” அவர் ஓட்டைத் திருப்பி வைத்தார். “பாருங்க, எனக்கும் மனசு கஷ்டமாத்தான் இருக்கு. ஆனா காத்து வந்தது கடவுள் செயல். ஓடு போட்டது உங்க செயல். ரெண்டுலயும் கம்பெனி எங்க வருது?”

“என் சிப்பி?”

“உங்க ஓடுதானே அது?”

நோலன் எழுந்து வெளியே போனான். அவன் காபி அப்படியே இருந்தது. ஒவீடிடம் நாளையிலிருந்து வரவேண்டாம் என்று சொன்னார்கள். பூட்ஸ் கம்பெனியுடையது என்பதால் கழற்றி வைத்துவிட்டுப் போகச் சொன்னார்கள். அவன் சாக்ஸ் காலோடு படகுத்துறைவரை நடந்தான். வழியெல்லாம் சிப்பி ஓடு பரப்பிய பாதை. பார்த்துப் பார்த்துத்தான் கால் வைக்க வேண்டியிருந்தது.

பொக்லைன் வந்து கரையை மூடியது. பாத்தியை நிரப்பிச் சமன் செய்தார்கள். அளவெடுக்க வந்தவர்கள் எல்லாம் கோட்டுக்குச் சரியாக இருக்கிறது என்றார்கள். கப்பல் குழாய்களைச் சுருட்டிக்கொண்டு டெக்ஸாஸ் பக்கம் போனது. கர்ட்டும் போனான்.

ஒவீட் வீட்டில் இருந்தான். நண்டுக்கூடுகளுக்குப் பெயின்ட் அடித்தான், காய்வதற்குள் இன்னொரு முறை அடித்தான். பெட்ரோல் பங்கில் யாராவது, “என்ன ஒவீட், மூணாம் நாள் ஆளு எப்படி இருக்காரு?” என்று கேட்டால் டீசல் விலையைப் பற்றிப் பேசினான். நோலன் ஞாயிற்றுக்கிழமைச் சாப்பாட்டுக்கு வருவதில்லை. அவனுக்கு எர்லின் தூக்குச்சட்டியில் கொடுத்தனுப்பினாள்.

சில மாதங்கள் கழித்து ஒருநாள் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது எர்லின் சொன்னாள்: “புதுப் பாத்தி இறுகிடுச்சு. வெயில் ஏறுறதுக்குள்ள நட்டாகணும். எனக்கு ஆள் பத்தல.”

“ம்.”

“மெர்லிஸ் பிரசவத்துக்குப் போயிட்டா. அவ பலகை சும்மா கெடக்கு.”

“ம்.”

“நாத்து ஏத்திட்டுப் போறது நோலன் படகு. அதுக்கும் இப்ப வேற வேலை இல்லைல்ல.”

ஒவீட் சோற்றில் இன்னும் கொஞ்சம் பீன்ஸை ஊற்றிக்கொண்டான். காலையில் அவன் காபிக் கோப்பைக்குப் பக்கத்தில் ஒரு ஜோடி முழங்கால் பட்டை இருந்தது.

நோலனின் படகில், சிப்பி மூட்டை இருக்கவேண்டிய இடத்தில் நாற்றுத் தட்டுகள் அடுக்கியிருந்தன. ஒவீட் ஏறியபோது நோலன் தட்டுகளைச் சற்று நகர்த்தி, உட்கார இடம் விட்டான். போகும் வழியில் சாயாத இரண்டாவது மூங்கில் மட்டும் சேற்றில் நின்றது. இருவரும் அதைப் பார்க்காமல் வேறு பக்கம் திரும்பிக்கொண்டார்கள்.

பாத்தியில் ஒவீடுக்குக் கடைசி வரிசை. மற்றவர்கள் முன்னால் போய்விட்டார்கள். பலகை ஒரு பக்கமாக அமிழ்ந்தது. குழியை ஆழமாகக் குத்தினால் நாற்று மூழ்கியது, மேலாகக் குத்தினால் சாய்ந்தது. எர்லின் திரும்பிவந்து இரண்டு நாற்றைப் பிடுங்கித் திரும்ப நட்டுக் காட்டிவிட்டுப் போனாள். பெண்கள் யாரும் சிரிக்கவில்லை. அதுதான் அவனுக்கு என்னவோபோல் இருந்தது.

மத்தியானத்துக்கு முன், பின்னால் பெரிய விசிறி வைத்த காற்றாடிப் படகு ஒன்று இரைச்சலோடு வந்து நின்றது. நில கம்பெனியிலிருந்து வந்த பையன். மரியாதையானவன்; வெயில் கண்ணாடியைக் கழற்றிவிட்டு வணக்கம் சொன்னான். படகிலிருந்து ஒரு பலகையை இறக்கினான். பழைய பலகைதான், கம்பம் மட்டும் புதிது. கூழைக்கடா எச்சத்தை முழுக்கத் துடைக்க முடியவில்லை போலிருந்தது. நட்டு முடித்த வரிசைகளின் மேலேயே நடந்து வந்து, ஒவீடுக்கு இரண்டு முழம் தள்ளிக் கம்பத்தை ஊன்றினான்.

“அண்ணே, கொஞ்சம் பிடிச்சுக்கறீங்களா? சேறு, நிக்க மாட்டேங்குது.”

ஒவீட் மண்டியிட்டபடியே இரண்டு கையாலும் கம்பத்தைப் பிடித்துக்கொண்டான். பையன் சுத்தியலால் அடித்தான். ஒவ்வொரு அடிக்கும் ஒவீடின் தோள் அதிர்ந்தது.

“உங்க நடவு முடியறவரைக்கும் நீங்க வரலாம்,” என்றான் பையன், மூச்சு வாங்க. “அப்புறம் யாரும் வரக்கூடாது. நான் ரூல்ஸைத்தான் சொல்றேன், தப்பா எடுத்துக்காதீங்க.”

“இல்ல.”

“இங்கெல்லாம் முன்னாடி தண்ணியாமே?”

“ஆமா.”

“நம்பவே முடியல. யாரு பண்ணாங்க இதை?”

வரிசையில் முன்னால் இருந்த பெண்களின் கூர்க்கோல்கள் நின்றன. எர்லின் திரும்பிப் பார்க்கவில்லை; ஆனால் அவள் கோலும் நின்றிருந்தது. கரையோரம் படகிலிருந்த நோலன் கயிற்றைக் கையில் பிடித்தபடி காத்திருந்தான்.

“கம்பெனி,” என்றான் ஒவீட்.

பையன் தலையாட்டினான். கம்பத்தை ஆட்டிப் பார்த்துத் திருப்தியாகி, நன்றி சொல்லிவிட்டு வந்த வழியே நடந்து போனான். காற்றாடிப் படகின் இரைச்சல் தேய்ந்தது. கூர்க்கோல்கள் ஒவ்வொன்றாக மறுபடி குத்தத் தொடங்கின.

பையனின் பூட்ஸ் தடங்களில் தண்ணீர் ஊறிக்கொண்டிருந்தது. அவற்றுக்குள் நாற்றுகள் மடிந்து கிடந்தன. ஒவீட் பலகையைத் தூக்கிக் கம்பத்தடியில் போட்டான். மண்டியிட்டான். முதல் தடத்திலிருந்து நசுங்கிய நாற்றை எடுத்து, வேரில் ஒட்டியிருந்த சேற்றைப் பார்த்து, கோலால் புதிதாகக் குத்தி, அதைச் சொருகி, உள்ளங்கையால் அமுக்கினான். நிற்கிறதா என்று கையை எடுத்துப் பார்த்தான். பிறகு பலகையைத் தள்ளிவைத்து, கம்பத்தைச் சுற்றி, அடுத்த நாற்றை நடப் போனான்.